குமிழிகளை மறந்துவிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நுண்துகள்களின் ஊடே வாயுவைச் செலுத்தி, அவற்றை நீர்மம்போல ஆக்கி வினை நடத்தும் பாய்மப் படுகை உலைகளைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். இத்தகைய பொருளைத் தமிழில் எழுத முன்வந்தவருக்கு என் நன்றி. ஆயினும், வாயுவை எவ்வளவு வேகமாகச் செலுத்துகிறோமோ அவ்வளவு நன்றாக வினை நடக்கும் என்று பொருள்படும் ஒரு வரி அதில் இருக்கிறது. மாணவர்கள் அதை அப்படியே மனத்தில் பதித்துக்கொள்வார்களே என்ற கவலையால் இதை எழுதுகிறேன்.

நுண்துகள்கள் நிரம்பிய கலனின் அடித்தட்டிலுள்ள துளைகள் வழியே வாயுவை மெதுவாகச் செலுத்தினால், அது இடுக்குகளில் புகுந்து மேலேறிவிடும், துகள்கள் அசைவதில்லை. வேகத்தைக் கூட்டக் கூட்ட, படுகையின் (துகள் அடுக்கின்) அடிக்கும் மேற்பரப்புக்கும் இடையிலான அழுத்த வேறுபாடான அழுத்த வீழ்ச்சியும் ஏறி, ஒரு கட்டத்தில் படுகையின் முழு எடையையும் வாயுவே தாங்கத் தொடங்குகிறது. அப்போது துகள்கள் நீர்மத்தைப் போல நடந்துகொள்கின்றன. கலனைச் சாய்த்தாலும் மேற்பரப்பு மட்டமாகவே நிற்கும். பக்கச் சுவரில் துளையிட்டால் துகள்கள் பீறிட்டு வரும். இதற்குமேல் வேகத்தைக் கூட்டினாலும் அழுத்த வீழ்ச்சி ஏறத்தாழ அப்படியே இருக்கும்.

அப்படியானால் கூடுதலாகச் செலுத்தும் வாயு எங்கே போகிறது? அதில் பெரும்பகுதி குமிழிகளாக மேலேறுகிறது. குமிழிக்குள் துகள்கள் மிகக் குறைவு என்பதால், அதிலிருக்கும் வாயுவில் ஒரு பங்கு வினையூக்கியை, அதாவது வினையை விரைவுபடுத்தும் அந்தத் துகள்களை, தொடாமலே வெளியேறிவிடுகிறது. குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகவும் செய்யும். ஆய்வகத்துச் சிறு குழாயில் கிடைத்த விளைச்சல் ஆலையின் பெரிய கலனில் கிடைக்காமல் போவதற்கு இது முக்கியமான காரணம். ஆனால் துகள்களை இழுத்துச் சென்று படுகையைக் கலக்குபவையும் இதே குமிழிகள்தாம். கட்டுரை பாராட்டும் சீரான வெப்பநிலை அவற்றால்தான் கிடைக்கிறது. வேகத்தை இன்னும் மிகுதியாக்கினால் குமிழிகள் சிதைந்து, துகள்கள் வாயுவோடு மேலே அள்ளிச் செல்லப்படும். எனவே வேகம் என்பது கூட்டிக்கொண்டே போக வேண்டிய ஒன்றன்று. துகளின் பருமன், அடர்த்தி, நடக்கவேண்டிய வினை ஆகியவற்றைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டிய ஒன்று. மாவுபோல மிக நுண்ணிய துகள்கள் தமக்குள் ஒட்டிக்கொள்வதால், வாயு அவற்றினூடே கால்வாய் வெட்டிக்கொண்டு போய்விடுவதும் உண்டு.

கட்டுரை ஒரே வரியில் கடந்துபோன எண்ணெய்ச் சுத்திகரிப்பு இன்னும் விரிவாகப் பேசப்பட்டிருக்க வேண்டும் என்பது என் கருத்து. 1920களில் ஜெர்மனியில் ஃப்ரிட்ஸ் விங்க்லர் நிலக்கரியை வாயுவாக்க இம்முறையைக் கையாண்டார் என்றாலும், 1942இல் அமெரிக்காவின் பேட்டன் ரூஜில் தொடங்கிய வினையூக்கிப் பிளவு ஆலைதான் (கனமான எண்ணெயை வினையூக்கியால் பிளந்து இலகுவாக்கும் ஆலை) இதன் முழு ஆற்றலையும் காட்டியது. இன்றைய ஆலைகளில், சுமார் 70 மைக்ரான் பருமனுள்ள வினையூக்கித் துகள்கள் கனமான எண்ணெயின் ஆவியோடு செங்குத்துக் குழாயில் சில விநாடிகளில் மேலேறுகின்றன. அதற்குள் எண்ணெயின் பெரிய மூலக்கூறுகள் பிளந்துவிடுகின்றன. துகள்மேல் படியும் கரி வினையை மட்டுப்படுத்துவதால், சைக்ளோன்களில் (சுழற்றித் துகள்களைப் பிரிக்கும் கலன்களில்) ஆவியைப் பிரித்துவிட்டு, துகள்களை இன்னொரு கலனுக்கு அனுப்பி, ஏறத்தாழ 700 டிகிரி செல்சியசில் அந்தக் கரியை எரிக்கிறார்கள். அந்தச் சூட்டைச் சுமந்துகொண்டு திரும்பும் துகள்களே அடுத்து வரும் எண்ணெயை ஆவியாக்கிப் பிளக்கின்றன. திண்மப் பொருள் குழாயில் ஓடவில்லையென்றால் இந்தச் சுழற்சியே கிடையாது.

பாலிஎத்திலீன், அக்ரிலோநைட்ரைல் தயாரிப்பு, துத்தநாகத் தாது வறுத்தல் ஆகியவற்றைக் கட்டுரை சரியாகவே குறிப்பிட்டுள்ளது. பாய்மப் படுகை நிலக்கரிக் கொதிகலன்களில் 850 டிகிரி செல்சியசை ஒட்டிய வெப்பநிலையைத் தேர்ந்தெடுப்பதன் காரணத்தையும் சேர்த்திருக்கலாம். அந்த வெப்பநிலையில், படுகையில் சேர்க்கப்படும் சுண்ணாம்புக்கல், நிலக்கரி எரியும்போது வரும் கந்தக டைஆக்சைடை நன்றாகப் பிடித்துக்கொள்கிறது. நைட்ரஜன் ஆக்சைடுகளும் குறைவாகவே உருவாகின்றன. துகள்கள் ஓயாமல் உரசி, தாமும் பொடிந்து, குழாய்களையும் தேய்க்கின்றன என்ற குறையையும் மறைக்க வேண்டியதில்லை.

கட்டுரையின் அடுத்த பகுதி வெளிவரும்போது, வாயுவின் வேகம் கூடக் கூடப் படுகை எப்படி மாறுகிறது என்பதைக் குமிழிகளோடு சேர்த்து வரிசைப் படங்களாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வேதிப் பொறியியல் பயின்ற வாசகர் ஒருவர்