கடைசி உழவு சரிவுக்குக் குறுக்கே: டிராக்டர் உரிமையாளர்களுக்கும் ஓட்டுநர்களுக்கும் ஒரு திறந்த மடல்

தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மாவட்ட மேட்டு நிலங்களில் வாடகைக்கு உழவு ஓட்டும் அனைவருக்கும் வணக்கம்.

கடலையும் ராகியும் கொள்ளும் விளையும் செம்மண் சரிவுகளில் ஒவ்வொரு பெருமழைக்கும் மேல்மண் ஓடைக்குப் போகிறது. பழி மழைமேல் விழுகிறது. ஆனால் மழை இறங்கும்போது சால், அதாவது கலப்பை கீறிய கோடு, எந்தத் திசையில் கிடக்கிறது என்பதே பாதி விஷயத்தைத் தீர்மானிக்கிறது. அது உங்கள் ஸ்டீயரிங்கில் இருக்கிறது.

மேலிருந்து கீழாக ஓட்டுவதற்குக் காரணங்கள் உண்டு. நிலம் நீளவாக்கில் சரிந்து கிடக்கும், திருப்பம் குறையும், மணிக்கணக்கு வாடகையில் விவசாயிக்கும் அதுவே மலிவு. ஆனால் அப்படிப் போட்ட ஒவ்வொரு சாலும் ஒரு வாய்க்கால். ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மண் போனால் சுமார் 4 கன மீட்டர், எடையில் 5 டன். நூறு கன அடி டிரெய்லருக்கு ஏறக்குறைய ஒன்றரை லோடு. ஒரு மில்லிமீட்டர் குறைந்தது கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் சிக்கல்.

குறுக்கே கிடக்கும் சால் ஒவ்வொன்றும் தண்ணீரைத் தடுத்து உள்ளே இறக்கும். அமெரிக்க மண் ஆய்வாளர்கள் விஷ்மையர், ஸ்மித் இருவரும் 1978-இல் வெளியிட்ட மண் இழப்புக் கணக்கீட்டின்படி, 100 அடிக்கு 3 முதல் 8 அடி இறங்கும் நிலத்தில் குறுக்குழவு மண் இழப்பைப் பாதியாக்கும். 20 அடிக்கு மேல் இறங்கினால் பலன் பத்தில் ஒன்றுதான். அங்கே உழவை நம்பிப் பயனில்லை, படிக்கட்டு வரப்பு வேண்டும். 15 அடிக்கு மேல் இறங்கும் இடத்தில் குறுக்கே டிராக்டர் ஓட்டுங்கள் என்று நாங்கள் கேட்கவும் இல்லை. வண்டி கவிழும். அங்கே மாட்டு ஏர் போதும்.

எல்லா உழவையும் குறுக்கே ஓட்ட முடியாவிட்டால், கடைசி உழவையும் விதைக்கும் சால்களையும் மட்டுமாவது குறுக்கே போடுங்கள். மழை சந்திக்கப்போவது அதைத்தான்.

குறுக்கே என்றால் கண் மதிப்பில் குறுக்கே அல்ல. கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவலால் (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய்) ஒரே மட்டத்தில் புள்ளி வைத்து, சுண்ணாம்புக் கோடு போட வேண்டும். ஒரு மீட்டர் இறக்கத்துக்கு ஒரு கோடு: 5 சதவீதச் சரிவில் 20 மீட்டருக்கு ஒன்று, 10 சதவீதத்தில் 10 மீட்டருக்கு ஒன்று. கோட்டை ஒட்டி இரு பக்கமும் இணையாக ஓட்டுங்கள். அடுத்த கோட்டை நெருங்கும்போது மீதியாகும் கோணல் துண்டைக் குறைச் சாலாக முடியுங்கள். அதற்காகக் கோட்டை வளைக்காதீர்கள். சாலில் ஒரு பள்ளம் இருந்தாலும் தண்ணீர் அங்கே சேர்ந்து உடைக்கும், அந்த வெள்ளம் கீழே இருக்கும் சால்களையும் உடைக்கும், பிறகு வரிசையாக எல்லாம் போகும். மட்டம் தவறிய குறுக்குழவு நேர் உழவைவிட மோசமாவது இப்படித்தான். தண்ணீர் தேங்கும் கனமண்ணில் நூறு அடிக்கு மூன்று, நான்கு அங்குலம் வாட்டம் கொடுத்து, புல் வளர்ந்த வடிகாலை நோக்கித் திருப்பிவிடுங்கள்.

இன்னொரு தவறு வேலை முடியும் நேரத்தில் நடக்கிறது. வண்டி திரும்பிய இடத்தை மூடுவதற்காக வரப்பை ஒட்டி மேலும் கீழுமாக நான்கு சால் ஓரம் அடிப்பீர்கள். குறுக்குச் சால்களின் தண்ணீர் எல்லாம் அந்த நான்கில் விழுகிறது. இரண்டு மழைக்குள் முழங்கால் ஆழத்துக்கு ஓடை விழும் இடம் அதுதான். திரும்பும் ஐந்தாறு மீட்டரை உழாமல் விட்டு, கொழுக்கட்டைப் புல் போடச் சொல்லுங்கள். மாட்டுக்குத் தீனியும் ஆகும்.

கருவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சரிவில் ரோட்டாவேட்டரை இரண்டு முறை ஓட்டி மண்ணை மாவாக்காதீர்கள். மழைத்துளி பட்டதும் அந்தத் தூள் துளைகளை அடைத்துப் பொருக்குத் தட்டும். தண்ணீர் இறங்காது, ஓடும். முட்டை அளவுக் கட்டிகள் கிடந்தால் நல்லது. விவசாயி மாவு மாதிரி கேட்டாலும் எடுத்துச் சொல்லுங்கள். சட்டிக் கலப்பை என்றால் மண் மேட்டுப் பக்கம் விழும்படி ஓட்டுங்கள். வருடா வருடம் மண்ணைக் கீழே தள்ளினால், மழையே இல்லாமல் மேட்டில் சரளை தலைகாட்டும். அடியில் இறுகிய நிலத்துக்கு மூன்றாண்டுக்கு ஒருமுறை உளிக்கலப்பை: ஒன்றரை அடி ஆழம், அரை மீட்டர் இடைவெளி, மண் காய்ந்திருக்கும்போது. ஈரத்தில் ஓட்டினால் பிளக்காமல் வழுக்கிக்கொண்டு போகும், டீசல்தான் செலவு.

கடைசியாக வாடகை. குறுக்கே ஓட்டினால் திருப்பம் கூடும், நேரம் கூடும். அந்தச் செலவை ஓட்டுநர் தலையிலோ விவசாயி தலையிலோ கட்டினால் இது நடக்காது. உங்கள் சங்கத்தில் பேசி, சரிவு நிலத்துக் கடைசி உழவுக்கு மட்டும் மணிக்கணக்கை விட்டு ஏக்கர் கணக்கில் ஒரு விலை வையுங்கள். டிராக்டர் வாடகைக்கு விடும் வேளாண் பொறியியல் துறையிடமும் இதையே கேட்கிறோம். ஆடிப் பட்டத்துக்கு முன் அந்த விலை ஊரில் தெரிந்தால், கோடு போடும் வேலையை விவசாயிகள் முன்கூட்டியே முடித்துவைப்பார்கள்.

இப்படிக்கு,
மானாவாரி நிலங்களில் மண்காப்பு வேலை பார்ப்போர்