அக்ரா பெருநகர மன்றத்துக்கு: ஒன்பது அறை, ஒரு கழிப்பறைகூட இல்லை

மன்ற உறுப்பினர்களுக்கு வணக்கம்.

கானாவின் தலைநகரான உங்கள் ஊருக்குப் பிழைக்க வந்த தமிழன் நான். வசதியானவர்கள் வாழும் கண்டோன்மென்ட்ஸ் பேட்டையில் நானும் மனைவியும் இருக்கிற வாடகை வீட்டில் மூன்று கழிப்பறைகள். அதில் ஒன்றைத் திறந்தே பல நாளாகிறது. எங்கள் அலுவலகத்தைக் கூட்டித் துடைக்கும் ஆன்டி குடியிருப்பது சோர்க்கர் என்கிற மீனவர் பேட்டையில். ஒரு முற்றம், அதைச் சுற்றி ஒன்பது அறை, ஒன்பது குடும்பம். கழிப்பறை கிடையாது.

முன்பு இருந்ததாம், எடுப்புக் கக்கூஸ். மனிதக் கழிவை மனிதன் வாளியில் சுமப்பதை ஐந்தாண்டுக்குள் ஒழிக்கச் சொல்லி 2008இல் உங்கள் நாட்டு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நல்ல தீர்ப்பு. அதே கொடுமையைப் பார்த்த ஊரிலிருந்து வந்தவன், மனதாரச் சொல்கிறேன். ஆனால் அந்த வீட்டுக்காரர் என்ன செய்தார் தெரியுமா? கக்கூஸையும் பக்கத்துக் குளியலறையையும் இடித்துச் சேர்த்து, வெள்ளையடித்து, ஓர் அறையாக வாடகைக்கு விட்டுவிட்டார்.

இப்போது எல்லோருக்கும் தெருமுனைப் பொதுக் கழிப்பறைதான். காலை ஐந்தரைக்கே வரிசை. காசைக் கொடுத்தால், கிழித்த செய்தித்தாள் துண்டு ஒன்று கைக்கு வரும். ஆன்டி வீட்டில் ஐந்து பேர். மூன்று பிள்ளைகளுக்கும் காலையில் பள்ளிக்கூடக் காசு தனி, கக்கூஸ் காசு தனி என்று எண்ணி வைக்கிறார். வயிற்றுப்போக்கு வந்தால் அன்றைக்குக் கணக்கே தப்பிவிடும். இரவில் அங்கே பூட்டிவிடுவார்கள். அதற்கப்புறம் கறுப்புப் பாலிதீன் பை, இல்லாவிட்டால் கடற்கரை.

தண்ணீரும் இப்படித்தான். எனக்குக் குழாயில் வருகிறது. அவர் 'குஃபுவர் கேலன்' என்று இங்கே சொல்லும் மஞ்சள் கேனைத் தூக்கிக்கொண்டு போய் விலைக்கு வாங்குகிறார். குடிக்க 'பியூர் வாட்டர்' பாக்கெட். ஒரு லிட்டருக்கு என்ன விலை என்று பார்த்தால், என்னைவிட அவர்தான் அதிகம் கொடுக்கிறார். குடித்துப் போட்ட பாக்கெட்டுகள் திறந்த சாக்கடையை அடைக்கின்றன. மழை வந்தால் அந்தத் தண்ணீர் முற்றத்துக்குள், பானை சட்டி வரைக்கும்.

இதெல்லாம் உங்களுக்குப் புதிதில்லை. 1991இலேயே அக்ராவில் ஆயிரம் குடும்பங்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. கழிப்பறை, ஈ, அடுப்புப் புகை, தண்ணீர், குப்பை என எல்லாத் தொல்லையும் ஒரே வீட்டில் வந்து குவிவதும், அந்த வீடு ஏழை வீடாக இருப்பதும் அப்போதே எழுதப்பட்டுவிட்டது. 2014 காலராவில் நாட்டில் 28,000க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள், 240க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பகுதி அக்ரா வட்டாரத்தில்தான். மறுவருடம் ஜூன் 3 அன்று அக்ராவில் வந்த வெள்ளமும் பெட்ரோல் பங்க் தீயும் யாருக்கு மறக்கும்?

நீங்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். கொர்லே கொன்னோவில் லாரி லாரியாகக் கடலில் மலத்தைக் கொட்டிய இடத்துக்கு 'லாவெண்டர் ஹில்', அதாவது வாசனைப் பூ மேடு, என்று பெயர் வைத்த குசும்பு உங்கள் ஊருக்கே உரியது; இன்று அங்கே சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. உலக வங்கி உதவியில் மானிய விலைக் கழிப்பறைகள் ஆயிரக்கணக்கில் கட்டப்பட்டன. ஆப்பிரிக்காவிலேயே சுத்தமான நகரமாக்குவோம் என்று 2017இல் ஜனாதிபதியே வாக்குக் கொடுத்தார். சாலையோரம் சுத்தமானால் அந்த வாக்கு நிறைவேறியதாகக் கணக்கு வைக்கிறீர்களோ என்பதுதான் என் சந்தேகம்.

வீட்டுக்கு வீடு கழிப்பறை வேண்டும் என்று உங்கள் விதியே சொல்கிறது. வீட்டு வரிப் பட்டியல் உங்கள் கையில் இருக்கிறது. வரிச் சீட்டோடு ஒரு கேள்வியும் போகட்டும்: எத்தனை அறை, எத்தனை கழிப்பறை? கட்ட முடியாதவருக்கு மானியம், கட்ட மனமில்லாதவருக்கு அபராதம். கட்டியதைச் சாக்காக வைத்து வாடகையை ஏற்றவும் விடக் கூடாது. மானியத்துக்கு ஆன்டி மனுப் போட முடியாது, வீடு அவருடையதில்லையே. மனுப் போட வேண்டியவர் வேறு பேட்டையில், கழிப்பறை உள்ள வீட்டில் இருக்கிறார்.

ஒன்று மட்டும். பழைய கக்கூஸ் இருந்த அறையைக் காலி செய்யச் சொல்லாதீர்கள். அங்கே ஒரு கல்லூரி மாணவர் இருக்கிறார், இரண்டு வருட முன்பணம் கொடுத்துவிட்டார். மீன் புகைக்கும் அடுப்புக்கும் மதிலுக்கும் நடுவே இடம் கிடக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை டேப் வைத்து அளந்தேன்: ஐந்தடிக்கு ஏழடி.