மலைமேல் யாரும் செத்து விழ வேண்டாம்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்கெல்லாம் நிம்மதி. கொஞ்ச நாளைக்கு அடுப்பங்கரைப் பக்கம் போக விடாதே, சொன்னால் கேட்கிற ஆளில்லை அவள். இங்கே வீட்டில் எல்லாரும் நலம். மகளுக்கு ஜூரோங் பக்கம் வேலை மாறிவிட்டது, பேரன் தொடக்கநிலை மூன்றுக்குப் போகப் போகிறான். எனக்கு முட்டிவலி இருக்கிறது. ஆனாலும் மலை ஏறுவதை விடவில்லை.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பேராக் மாநிலத்துக் கம்பாரில் கிரீன் ரிட்ஜ் மேட்டுப் பதுங்குகுழிகளைச் சுத்தம் செய்யும் பையன்கள், 1941 கடைசியில் பிரிட்டிஷ், இந்தியப் படைகள் அங்கே ஜப்பானியரை எதிர்த்து நின்ற போரை ஆண்டு முடிவில் நடித்துக் காட்ட ஆசைப்படுகிறார்கள், சீக்கியப் படை துப்பாக்கிமுனைக் கத்தியோடு பாய்ந்து போனதை அப்படியே செய்யலாமா என்று கேட்கிறார்கள் என எழுதியிருந்தாய். பையன்கள் இந்த அளவுக்கு அக்கறைப்படுவதே பெரிய சந்தோஷம். ஆனால் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பாய்ச்சலை நடிக்க வேண்டாம். யாரும் துப்பாக்கி நீட்ட வேண்டாம், செத்து விழ வேண்டாம். அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்யலாம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைத்தான் இந்தக் கடிதத்தில் எழுதப்போகிறேன். நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்.

இங்கே சிங்கப்பூரில், புக்கிட் சண்டு மேட்டில் எங்கள் சின்னக் குழு என்ன செய்கிறது என்று உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. பாசிர் பாஞ்சாங் மேட்டின் அந்தக் கோடியில், பெப்பிஸ் சாலையில் ஒரு பழைய கறுப்பு வெள்ளை பங்களா இருக்கிறதல்லவா, 2002இல் நினைவிடமாகத் திறந்தார்களே, அதைச் சுற்றியுள்ள சரிவுகளும் கெண்ட் ரிட்ஜ் பூங்காவும்தான் எங்கள் இடம். அந்தக் காலச் சீருடையில் நின்று, வருகிற பிள்ளைகளுக்கு 1942 போரை விளக்குகிறோம். குழுவில் ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர், ஒரு மலாய் ஆசிரியை, பாலிடெக்னிக் மாணவர்கள் சிலர், கணக்காளராக இருந்த ஒரு சீன அக்கா, டாக்சி ஓட்டும் ஒரு சிங், அப்புறம் என்னைப் போன்ற ஆட்கள். யாருக்கும் சம்பளம் இல்லை. சீருடைத் துணியைக்கூட அவரவர் காசில்தான் வாங்குகிறோம். தேக்கா மேல்மாடியில் ஒரு தையற்காரர், பழைய படங்களைப் பார்த்தே காக்கிச் சட்டையும் தொளதொள கால்சட்டையும் தைத்துக் கொடுக்கிறார். பட்டன் எத்தனை, பை எங்கே என்பதில் அவருக்கு எங்களைவிடப் பிடிவாதம் அதிகம்.

1942 பிப்ரவரியில் அந்த மேட்டில் நடந்தது உனக்குத் தெரியும். எட்டாம் தேதி இரவு ஜப்பானியர் சாரிம்புன் கரையில் இறங்கினார்கள். 13ஆம் தேதி அவர்களுடைய 18ஆவது டிவிஷன் பாசிர் பாஞ்சாங் மேட்டைத் தாக்கியது. மலாய்ப் படையின் முதல் பட்டாளத்துச் சி கம்பெனி பின்வாங்கி புக்கிட் சண்டுவுக்கு வந்தது. 14ஆம் தேதி லெப்டினன்ட் அட்னான் சைடியும் அவருடைய ஆட்களும் அங்கேதான் கடைசிவரை நின்றார்கள். ஒரு பக்கம் நார்மன்டன் எண்ணெய்க் கிடங்கு எரிந்து, தீப்பிடித்த எண்ணெய் கால்வாயில் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் போகவும் வழியில்லை. அட்னான் காஜாங்கில் பிறந்தவர். பட்டாளத்தில் சேருவதற்கு முன் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுத்தவர். 1933இல் போர்ட் டிக்சனில் மலாய்ப் படை தொடங்கிய வருஷமே சேர்ந்துவிட்டார். 1937இல் ஆறாம் ஜார்ஜ் முடிசூட்டு விழாவுக்கு லண்டன் போய் அணிவகுத்தவர். மேட்டில் நின்றபோது முப்பது வயதுகூட ஆகவில்லை.

இந்தக் கதையை மைக்கைப் பிடித்துச் சொன்னால் பிள்ளைகள் ஐந்து நிமிஷத்தில் கைப்பேசியைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள். அதனால் நாங்கள் சொல்வதைக் குறைத்து, அவர்களைச் செய்ய வைக்கிறோம். அன்றைக்கு ஜப்பானியர்கள் பஞ்சாபிச் சிப்பாய்களைப் போல உடுத்திக்கொண்டு மேட்டை நோக்கி வந்தார்கள் அல்லவா? மலாய்ப் படைக்காரர்கள் உற்றுப் பார்த்தார்கள். பிரிட்டிஷ் படை மூன்று மூன்று பேராக வரிசை போட்டு நடக்கும். வந்தவர்கள் நான்கு நான்கு பேராக வந்தார்கள். அதை வைத்தே கண்டுபிடித்துச் சுட்டார்கள். இதை நான் பாடமாகச் சொல்வதில்லை. பிள்ளைகளில் ஒரு பாதியைச் சரிவில் உட்கார வைக்கிறோம், மறுபாதியை அடிவாரத்திலிருந்து நடந்து வரச் சொல்கிறோம், ஒரு தடவை மூன்றாக, ஒரு தடவை நான்காக. மேலே இருப்பவர்கள் மரத்துக்கும் புதருக்கும் நடுவே எட்டிப் பார்த்து, எந்த வரிசை என்று சொல்ல வேண்டும். எவ்வளவு கஷ்டம் தெரியுமா! இலை மறைக்கிறது, வெயில் கண்ணில் அடிக்கிறது, தூரத்தில் எல்லாத் தலையும் ஒன்றாகத் தெரிகிறது. ஒரு பெண் பிள்ளை கேட்டாள்: “நிஜமான பஞ்சாபிகளே வந்திருந்தால்? தப்பாகச் சுட்டிருப்பார்களே?” அந்தக் கேள்வியை எந்தச் சொற்பொழிவும் அவளிடமிருந்து வரவைத்திருக்காது. எங்கள் சிங் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் போரில் எத்தனை இந்தியப் பட்டாளங்கள் இங்கே இருந்தன, எந்தெந்த ஊர்களிலிருந்து வந்தார்கள் என்று ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார்.

ஸ்ட்ரெச்சர் தூக்குவதும் அப்படித்தான். மணல் மூட்டையை வைத்து நான்கு பேர் சரிவில் இறக்க வேண்டும். பாதி வழியிலேயே கை நடுங்கும். இறங்கி முடித்ததும், காயம்பட்டவர்களை எங்கே கொண்டுபோனார்கள் என்று சொல்கிறோம். அதே 14ஆம் தேதி அலெக்சாண்டிரா மருத்துவமனைக்குள் ஜப்பானியச் சிப்பாய்கள் நுழைந்து நோயாளிகளையும் மருத்துவர்களையும் கொன்றதையும் மறைக்காமல் சொல்கிறோம். அறுவை மேசையில் படுத்திருந்தவரையும் விடவில்லை. ஆனால் அங்கே போய் எதையும் நடித்துக் காட்டுவதில்லை. அது இன்றைக்கும் மருத்துவமனை. நம் உறவுக்காரர்கள் படுத்திருக்கும் இடம்.

ஆயுதத்துக்கு வருகிறேன். இங்கே துப்பாக்கி மாதிரி இருக்கும் பொருளுக்கே சட்டம் கடுமை, அதனால் ஆரம்பத்தில் எங்களுக்கு வேறு வழியில்லாமல்தான் வெறும் கையோடு நின்றோம். இப்போது சட்டம் இடம் கொடுத்தாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். துப்பாக்கி இருந்தால் பிள்ளைகள் கண் அதைவிட்டு நகராது. அது இல்லாதபோதுதான் கால்பட்டியை எப்படிச் சுற்றுவது, கம்பளித் துணி சுற்றிய எனாமல் தண்ணீர்ப் போத்தல் எவ்வளவு கனம், அதிலிருக்கும் தண்ணீர் எத்தனை மணி நேரம் தாங்கும் என்றெல்லாம் கேட்கிறார்கள். இந்தியப் பட்டாளங்களோடு சமையல்காரர், தண்ணீர் சுமப்பவர், துணி வெளுப்பவர், நாவிதர் எல்லாரும் கூடவே வந்தார்கள். அவர்கள் கையிலும் துப்பாக்கி இல்லை. குண்டு மட்டும் அவர்கள் மேலும் விழுந்தது. நான் பெரும்பாலும் தண்ணீர் சுமப்பவனாகத்தான் நிற்கிறேன். அந்த வேலைக்காக யாரும் பதக்கம் கொடுத்திருக்க மாட்டார்கள். அதனால்தான் அதை விடாமல் செய்கிறேன்.

ஜப்பானியச் சீருடை விஷயமும் உனக்கு வரும். எங்கள் குழுவில் ஒரு மாணவன் நல்ல எண்ணத்தோடுதான் கேட்டான், இரண்டு பக்கமும் இருந்தால்தானே முழுமை என்று. அந்தச் சீன அக்கா கோபப்படவில்லை. தன் தாத்தாவைப் பிப்ரவரி 18க்குப் பிறகு விசாரணைக்குக் கூட்டிப்போனார்கள், திரும்பி வரவில்லை என்று மட்டும் சொன்னார். சூக் சிங் என்றால், அதாவது ஜப்பானியர் சீனர்களைப் பொறுக்கியெடுத்துக் கொன்றது என்றால், என்ன என்று அந்தப் பையன் பாடப்புத்தகத்தில் படித்தவன்தான். ஆனாலும் அன்றைக்குத்தான் அது அவனுக்குள் இறங்கியது. அதிலிருந்து எங்கள் விதி: அந்தச் சீருடையை யாரும் போடுவதில்லை. எதிரே யார் வந்தார்கள் என்று வாயால் சொன்னால் போதும்.

உனக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்கிறேன். தமிழ்ப் பிள்ளைகள் ஒவ்வொரு முறையும் கேட்கிறார்கள், “நம்மாளுங்க அங்கே இருந்தாங்களா அங்கிள்?” ஆமாம் என்று சொல்லிவிட ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் மேட்டில் நின்று சண்டை போட்டது மலாய்ப் படை. தீவில் இருந்த இந்தியக் காலாட்படைகளிலும் பெரும்பாலும் வடநாட்டுக்காரர்கள். நம் ஆட்கள் துறைமுகத்தில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். நகராண்மையில் சாலை, சாக்கடை, தண்ணீர்க் குழாய் வேலை பார்த்தார்கள். குண்டு விழுந்து குழாய்கள் உடைந்து, பத்து லட்சத்துக்குப் பக்கமான ஜனம் தண்ணீருக்குத் தவித்த அந்தக் கடைசி வாரத்தில் குழாய் வேலை என்பது சின்ன வேலையா? அதைச் சொன்னால் பிள்ளைகள் முகம் வாடுவதில்லை, நிமிர்கிறது. இல்லாத வீரத்தை ஒட்டவைக்கத் தேவையே இல்லை.

ஐஎன்ஏ, அதாவது ஜப்பானியர் துணையோடு அமைந்த இந்திய தேசிய ராணுவம், அதைப் பற்றியும் எங்களுக்குள் நீண்ட பேச்சு நடந்தது. ஒருவருடைய தாத்தா அதில் இருந்தவர். அந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டு மேட்டில் நிற்க ஆசைப்பட்டார். ஆனால் பிப்ரவரி 14 அன்று ஐஎன்ஏ முறையாக அமைந்திருக்கவே இல்லை. 15ஆம் தேதி, சீனப் புத்தாண்டு நாளில், ஃபோர்டு தொழிற்சாலையில் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் சரணடைந்தார். 17ஆம் தேதிதான் 40,000க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களை ஃபேரர் பார்க் திடலில் கூட்டினார்கள். அங்கேதான் ஐஎன்ஏவைத் தொடங்கிய மோகன் சிங் பேசினார். சேர்ந்தவர்கள் உண்டு, மறுத்துச் சிறையிலேயே கிடந்தவர்களும் உண்டு. ஆகவே அந்தக் கதையை அந்தத் திடலில், அந்தத் தேதியில் சொல்வோம் என்று முடிவு செய்தோம். அவரும் ஒப்புக்கொண்டார். தேதியைக் காப்பாற்றுவது இந்த வேலையில் பெரிய மரியாதை என்பது என் எண்ணம். மரவள்ளிக்கிழங்கைக்கூட நாங்கள் மேட்டில் வைப்பதில்லை. அது சியோனான் காலத்து, அதாவது பிறகு ஜப்பானியர் ஆண்ட காலத்துச் சாப்பாடு, போர் நாட்களுக்குரியது இல்லை.

மாணவர்களைக் கிராஞ்சிப் போர்க் கல்லறைக்கும் கூட்டிப்போகிறோம். உடல் கிடைக்காத 24,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர் அந்தச் சுவர்களில் இருக்கிறது. சுவர்களுக்குப் பின்னால் தகன நினைவிடம் ஒன்று இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. தங்கள் வழக்கப்படி எரியூட்டப்பட்ட ஏறத்தாழ 800 பேருக்கானது, பெரும்பாலும் இந்தியப் படையினர். நீ வரும்போது அவசியம் பார்க்க வேண்டும்.

இப்போது கம்பாருக்கு. 1941 டிசம்பர் 30 முதல் ஜனவரி 2 வரை நான்கு நாள் அந்த மேடுகளைக் காத்தார்கள். வடக்கே ஜித்ராவிலிருந்து அடிபட்டு வந்த லெஸ்டர், கிழக்கு சர்ரே பட்டாளங்களில் மிஞ்சியவர்களைச் சேர்த்துத்தான் ‘பிரிட்டிஷ் பட்டாலியன்’ என்று ஒன்றை ஆக்கியிருந்தார்கள். இதைப் பிள்ளைகளை வைத்தே காட்டலாம்: இரண்டு வகுப்புகளுக்குத் தனித்தனிப் பெயர்ப் பட்டியல், ஒவ்வொன்றிலும் பாதியை அடித்துவிட்டு, மீதியை ஒரே பட்டியலாகக் கூப்பிடு. பக்கத்தில் நிற்பவன் யார் என்றே தெரியாமல் நிற்பது எப்படி என்று புரியும். கேப்டன் கிரஹாம் தலைமையில் சீக்கியர்கள் தாம்சன் மேட்டில் பாய்ந்ததைச் சொல்ல வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த இடத்தில் நிற்க வைத்து, எவ்வளவு தூரம், எவ்வளவு ஏற்றம் என்று வெறும் கையோடு நடக்கச் சொல். நடந்து முடித்ததும் எத்தனை பேர் திரும்பவில்லை என்று சொல். அதற்கு முன்னால் பேராக் குருத்துவாராக்காரர்களைப் பார்த்துப் பேசு. அவர்கள் சம்மதமும் பங்கும் இல்லாமல் ஆரம்பிக்காதே.

பதுங்குகுழிக்குச் சிமெண்டு பூசலாம் என்று யாராவது கிளம்பினால் தடுத்து நிறுத்து. செடியை வெட்டு, வேரைப் பிடுங்காதே, வேர்தான் மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது. தோட்டா, குண்டு மாதிரி ஏதாவது தட்டுப்பட்டால் தொடவே கூடாது, போலீசைக் கூப்பிடு. கிடைத்ததை வீட்டுக்குக் கொண்டுபோகும் பழக்கத்தை முதல் நாளே நிறுத்திவிடு.

இன்னொன்று, உன் பெரியப்பா ஜப்பானியருக்காகச் சயாம்-பர்மா ரயில்பாதை போடப் போய்த் திரும்பாததை அந்தப் பையன்களிடம் சொல்லியிருக்கிறாயா? போர்க்களத்தில் நின்றவர்களைப் பற்றிப் பேசும் இடத்தில் அவருக்கும் இடம் உண்டு. கம்பார் விழுந்ததற்கும் அடுத்த வருஷங்களில் தோட்டத்துத் தமிழர்களை லாரியில் ஏற்றியதற்கும் நடுவே பெரிய இடைவெளி இல்லை. பெரியம்மா வைத்திருந்த அந்த ஒரே படத்தை நகல் எடுத்து வை.

பிப்ரவரி இரண்டாம் வாரம் எங்கள் வேலை தொடங்குகிறது. 15ஆம் தேதி மாலை 6:20க்கு முழுமைத் தற்காப்பு நாளுக்கான அபாயச் சங்கு ஊதும், சரணடைந்த நேரம் அது. அதற்கு முன் நீ வந்துவிடு. அந்தப் பையன்களில் இரண்டு பேரையும் கூட்டி வா, எங்கள் ஹாலில் பாய் விரித்தால் எல்லாருக்கும் இடமிருக்கிறது. வந்து மணல் மூட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கம்பாரில் என்ன செய்வது என்று அவர்களே முடிவு செய்யட்டும். மூன்று பேருடைய நெஞ்சளவும் இடுப்பளவும் உடனே எழுது. தையற்காரர் பொங்கல் வேலையை முடித்ததும் நம்முடையதை எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்