மேல்மலைச் சோலையைக் காத்துத் தந்தவர்களுக்கு

மேல்மலை ஊர்மக்களுக்கும், எங்களோடு காடு பார்க்க வந்துபோகும் நண்பர்களுக்கும் வணக்கம்.

கொடைக்கானல் மேல்மலையில் பற்றிய காட்டுத்தீ அணைந்துவிட்டது, மலை மடிப்புகளில் வளரும் பசுமைமாறாக் காடான எங்கள் சோலை தப்பியது. நடந்ததை எல்லோரும் அறிவீர்கள் என்பதால் அதை மறுபடி விவரிக்கவில்லை. வேட்டைத் தடுப்புக் காவலர்கள், தீயணைப்பு வீரர்கள், இரவெல்லாம் ஜீப் ஓட்டியவர்கள், பச்சைத் தழைகளை ஒடித்து அடித்தே தீயை ஒடுக்கிய பளியர் பழங்குடிக் குடியிருப்பு இளைஞர்கள், காட்டுநடைக்குக் கட்டிய முன்பணத்தைத் திருப்பிக் கேட்காத விருந்தினர்கள் ஆகிய அனைவருக்கும் எங்கள் வழிகாட்டிகள் குழுவின் நன்றி.

காரட் தோட்டத்து அக்கா ஒருவரைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்லியாக வேண்டும். (பெயரைப் போடக்கூடாது என்று கண்டித்துச் சொல்லிவிட்டார்.) சுற்றுலாவால் அவருக்கு ஒரு ரூபாய்கூட வந்ததில்லை, காட்டெருமைகளால் நட்டமோ ஆண்டுதோறும் உண்டு. அப்படிப்பட்டவர், பைன் சருகில் பற்றிய தீ சோலையோரத்தை நெருங்கிய அந்த மாலையில், கோடைப் பாசனத்துக்கெனத் தொட்டியில் தேக்கிவைத்திருந்த தண்ணீர் முழுவதையும் எங்களுக்குத் திறந்துவிட்டார். அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் மருந்தடிக்கும் தெளிப்பான்களை வாங்கிக் கழுவி, நீர் நிரப்பி, ஒவ்வொருவர் முதுகிலும் அவரே மாட்டிவிட்டார். "பயிருக்கு என்னக்கா செய்வீங்க?" என்று கேட்டதற்கு, "சோலை போயிட்டா ஊத்து ஏதுப்பா? இந்தத் தொட்டிக்கே அங்கேருந்துதானே தண்ணி வருது" என்றார்.

புல்வெளி எரிந்தாலும் மழைக்குத் தளிர்த்துவிடும். சோலை மரங்கள் அவ்வளவு எளிதில் மீள்வதில்லை. விருந்தினர்கள் தேடிவரும், கருப்பும் செம்மஞ்சளுமான அந்தச் சிறு ஈப்பிடிப்பான் பறவை, மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாதது. தரையை ஒட்டிய புதர்களிலேயே வாழ்வது. சருகுத் தீ முதலில் தின்பது அந்தப் புதர்களைத்தான். 2013இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது நல்லதே. ஆனால் அன்று மாலை சோலைக்குக் காவலாக நின்றது பக்கத்துத் தோட்டத்துக்காரரின் மனசு. வழிகாட்டிகளின் வீட்டுக்கு மட்டும் பணம் வருவதைச் சமூகச் சுற்றுலா என்று அழைப்பது பொருந்தாது என்றே எண்ணுகிறோம்.

ஆகவே, இனி காட்டுநடைக் கட்டணத்தில் ஒரு பங்கு, காட்டெருமை மேய்ந்த தோட்டங்களுக்குச் செல்லும். கோடை தொடங்குமுன் சோலையோரத்துப் பைன் சருகை வனத்துறையின் அனுமதியோடு நாங்களே வாரி அகற்றுவோம். காய்ந்த வாரங்களில் நடைகளை நிறுத்திவைப்போம். விருந்தினர் சமையலுக்கான காரட்டை அக்காவிடமே வாங்குவோம், அவர் சொல்லும் விலைக்கு.

வரும் ஞாயிறு காலை அவருடைய தொட்டியை நிரப்ப டேங்கர் வருகிறது. மேட்டுக்குக் குழாய் இழுக்க ஆள் வேண்டும்; வர முடிந்தவர்கள் வாருங்கள்.

நன்றியுடன்,
சோலை வழிகாட்டிகள்