வார்டு சீட்டு பற்றிக் கேட்டிருந்தாயே

அன்பு மகளுக்கு,

வக்கீலாக இருக்கிற உனக்கு அரசியல் கட்சிக்காரர்கள் மாநகராட்சி கவுன்சிலர் சீட்டு தருவதாகச் சொன்னதையும், யோசித்துச் சொல்வதாக நீ வந்துவிட்டதையும் போனில் சொன்னாய். அப்பா உடனே வேண்டாம் என்றார். அவர் எதற்கும் முதலில் அதைத்தான் சொல்வார், அதை விடு. கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக உட்கார்ந்து வக்கீல்களின் முகத்தையே பார்த்துக் காலத்தைக் கழித்தவள் நான். அரசியலுக்குப் போனவர்கள், போய்த் திரும்பியவர்கள், திரும்ப வழியில்லாமல் அங்கேயே நின்றுவிட்டவர்கள் எல்லோரையும் பார்த்திருக்கிறேன். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்றுதான் எழுதுகிறேன்.

நீ கேட்டது போகலாமா வேண்டாமா என்று. எனக்கு அதைவிடப் பெரிய கேள்வி, போன பிறகு ஒருநாள் எழுந்து வெளியே வரவேண்டி இருந்தால் உன்னால் வர முடியுமா என்பது. பொதுவாழ்வில் இருந்தவர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அவர்கள் எப்போது பதவிக்கு வந்தார்கள் என்பதில் எனக்கு அவ்வளவு ஆர்வம் இல்லை. எப்போது விட்டார்கள், விட்டதற்கு அப்புறம் என்ன செய்தார்கள் என்றுதான் பார்ப்பேன்.

முத்துலட்சுமி ரெட்டியை எடுத்துக்கொள். 1927இல் சென்னை மாகாண சட்டமன்றத்தில் நியமன உறுப்பினர், அப்புறம் துணைத் தலைவர். தேவதாசி முறையை ஒழிக்க அங்கே போராடியவர், காந்தி கைதானதும் 1930இல் பதவியைத் தூக்கிப் போட்டுவிட்டார். அவரால் அது எப்படி முடிந்தது? அவர் டாக்டர். சட்டமன்றம் இல்லாவிட்டாலும் அவருக்கு வேலை இருந்தது, மரியாதை இருந்தது. ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லம் தொடங்கினார். 1954இல் 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனை வந்ததும் அவர் முயற்சியால்தான். தேவதாசி ஒழிப்புச் சட்டம் 1947இல் நிறைவேறியபோது அவர் அந்த அவையிலேயே இல்லை.

அம்பேத்கரும் அப்படித்தான். திருமணம், சொத்துரிமை பற்றிய இந்து சட்டத் தொகுப்பு மசோதாவை இழுத்தடித்தார்கள் என்பதும் ஒரு காரணமாக 1951இல் சட்ட அமைச்சர் பதவியை விட்டார். அடுத்து பம்பாயில் நின்று தோற்றார், 1954இல் பண்டாரா இடைத்தேர்தலிலும் தோற்றார். நீ குடும்பநல கோர்ட்டில் தினமும் புரட்டுகிற 1955 இந்து திருமணச் சட்டம், அவர் போராடிய அந்த மசோதாவைத் துண்டு துண்டாக்கி நிறைவேற்றியதில் ஒரு துண்டு.

ஆனால் உனக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த வி.ஆர். கிருஷ்ணய்யரைப் பற்றி. அவரை நீ தீர்ப்புகளில்தான் படித்திருப்பாய். அதற்கு முன்னால் உள்ள கதை உன் நிலைமைக்கு நெருக்கமானது. தலச்சேரியில் வக்கீல். தொழிலாளர்களுக்கும் விவசாயிகளுக்கும் வாதாடியவர். கம்யூனிஸ்டுகளுக்கு உதவினார் என்று 1948இல் ஒரு மாதம் உள்ளே வைத்தார்கள். 1952இல் கூத்துப்பறம்பிலிருந்து நம் சென்னை சட்டமன்றத்துக்கே வந்தார், அப்போது மலபார் நம்மோடு இருந்தது. 1957இல் கேரளத்தில் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையிலான கம்யூனிஸ்ட் அமைச்சரவையில் அமைச்சர். சட்டம், உள்துறை, மின்சாரம் என்று பலதும் கையில், சிறைத்துறையும் சேர்த்து. கம்பிக்குள் இருந்தவரிடமே சிறைத்துறை வந்தது. 1959இல் ஆட்சியைக் கலைத்துவிட்டார்கள். அவர் கறுப்பு கவுனை மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்குத் திரும்பினார். 1965 தேர்தலில் தோற்றபோதும் தொழில் இருந்தது. 1968இல் உயர் நீதிமன்ற நீதிபதி, 1973இல் உச்ச நீதிமன்றம். அப்போது அவருடைய பழைய அரசியலைச் சுட்டிக்காட்டி வக்கீல்களிலேயே சிலர் எதிர்த்தார்கள். அந்தப் பயம் நியாயமானதுதான், நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன்.

பதில் 1975 ஜூனில் வந்தது. தன் தேர்தல் வெற்றி செல்லாது என்ற அலகாபாத் உயர் நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிராகப் பிரதமர் இந்திரா காந்தி மேல்முறையீடு செய்தார். விடுமுறைக் கால நீதிபதியாக இருந்தவர் இவர். சட்ட அமைச்சர் கோகலே போன் செய்து நேரில் சந்திக்க வேண்டும் என்றார். மனுவைப் பதிவாளரிடம் தாக்கல் செய்யச் சொல்லுங்கள், சந்திப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஜூன் 24ஆம் தேதி அந்தத் தீர்ப்புக்கு நிபந்தனையோடு தடை கொடுத்தார். பிரதமராக நீடிக்கலாம், ஆனால் எம்.பி.யாக வாக்களிக்கக் கூடாது. மறுநாள் இரவு நெருக்கடி நிலை. அதற்குப் பிறகு சுனில் பத்ரா வழக்கில் ஒரு கைதி எழுதிய கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டு சிறைக்குள் நடக்கும் கொடுமையைப் பற்றி எழுதினார். அந்தத் தீர்ப்பை மறுபடி படி. சிறையை வெளியிலிருந்து மட்டும் பார்த்தவர் எழுதியதாக எனக்குத் தோன்றவில்லை. அரசியல் அவரைக் கெடுக்கவில்லை என்று சொல்வதோடு நிறுத்த மாட்டேன், அரசியல்தான் அவரை அந்த நீதிபதியாக ஆக்கியது என்பது என் எண்ணம். ஆனால் நடுவில் ஒவ்வொரு முறையும் திரும்பிப் போக அவருக்கு ஓர் இடம் இருந்தது.

அது இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு வ.உ.சி. இருக்கிறார். 1908இல் தண்டனை, அதோடு வக்கீல் சன்னத்தும், அதாவது வக்கீல் தொழில் செய்யும் உரிமமும், பறிபோனது. 1912இல் வெளியே வந்தவருக்குக் கப்பல் கம்பெனியும் இல்லை, தொழிலும் இல்லை. குடும்பத்தோடு வறுமையில் கிடந்தார். வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி சன்னத்தைத் திரும்பக் கிடைக்கச் செய்தார். அந்த நன்றிக்கு மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். யாரை எதிர்த்து நின்றாரோ அந்த ஆட்சியின் நீதிபதி பெயரைப் பிள்ளைக்கு வைக்கிற அளவுக்கு அந்தக் காகிதம் அவருக்குத் தேவைப்பட்டிருக்கிறது.

சரி, காமராஜர்? அவர் எந்தத் தொழிலும் படித்தவர் இல்லையே, 1963இல் முதலமைச்சர் பதவியைத் தானாக விட்டாரே என்று நீ மடக்குவாய். உண்மைதான், என் கணக்கில் அவர் அடங்க மாட்டார். குடும்பம் இல்லை, குடியிருந்தது வாடகை வீடு, அவரைப் பிடித்து வைக்க எதுவும் இல்லை. 1967இல் சொந்த ஊரான விருதுநகரிலேயே தோற்றார், 1969இல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் நின்று எம்.பி. ஆனார். அந்த மாதிரி வாழ உன்னால் முடியாது. என்னாலும் முடியாது. வீட்டுக் கடன் இருக்கிறது உனக்கு.

அதனால், நிற்பதென்றால் நில். பெண்களுக்கு உள்ளாட்சியில் பாதி இடம் 2016 சட்டத் திருத்தத்தால் வந்தது, அதில் உட்காரும் பெண்களில் எத்தனை பேருக்குப் பதிலாக வீட்டு ஆண்கள் ஃபைல் பார்க்கிறார்கள் என்று உனக்கே தெரியும். உன் விஷயத்தில் அது நடக்காது, உன் வீட்டுக்காரருக்கு ஃபைலைக் கண்டாலே தூக்கம் வரும். ஆனால் தொழிலை நிறுத்தாதே. மக்கள் பிரதிநிதிகள் வக்கீலாகவும் இருக்கலாம் என்று 2018இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அது எம்.பி., எம்.எல்.ஏ.க்களைப் பற்றிய வழக்கு. கவுன்சிலரானால் மாநகராட்சிக்காகவோ அதற்கு எதிராகவோ ஆஜராவதில் சிக்கல் வரலாம், அதைப் பற்றிய சட்டப் பிரிவை உன் சீனியரிடம் உட்கார்ந்து பார்த்துவிடு. உன் கையில் இருக்கிற குடிநீர் வழக்கை யாரிடம் ஒப்படைப்பாய் என்பதையும் இப்போதே யோசி. அந்த மக்கள் உன்னை நம்பித்தான் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அதற்கு வழி தெரியாமல் கட்சிக்குச் சம்மதம் சொல்லாதே.

தேர்தல் செலவை யார் பார்ப்பது என்றும் அவர்களிடம் கேள். கேட்க வெட்கப்படாதே. அவர்கள் செலவழித்தால் நாளை நீ எழுந்து வருவது கஷ்டம். எவ்வளவு ஆகும் என்று தெரிந்ததும் எனக்குச் சொல், என் பென்ஷன் சேமிப்பில் ஒரு பகுதி தர முடியும். அப்பாவிடம் நானே பேசிக்கொள்கிறேன். நாமினேஷனோடு சொத்து, கடன், வழக்கு விவரமெல்லாம் பிரமாணப் பத்திரமாகக் கேட்பார்கள், பாங்கு லாக்கரில் உன் பெயரில் இருக்கிற நகைப் பட்டியலைத் தனியாக அனுப்புகிறேன்.

கட்சிக்கு எந்தத் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும்?

அன்புடன்,
அம்மா