வேலையை விட்டுப் போகும்போது ஒரு தாள் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரசாயன ஆலையில் வெடி விபத்து, வாயுக் கசிவு என்றால் உங்கள் நாளிதழ் விரிவாக எழுதுகிறது. அது அவசியம்தான். சத்தமே இல்லாமல் பல வருஷம் கழித்து வரும் நோயைப் பற்றியும் எழுத வேண்டும் என்று கேட்கவே இந்தக் கடிதம்.

சாயத்துக்கான மூலப்பொருள் செய்யும் ஆலையில் 24 வருஷம் ஆபரேட்டராக இருந்தேன். டிரம்மைத் திறந்து பம்ப் குழாயைச் செருகுவது, ரசாயனங்களைக் கலந்து வினைபுரிய வைக்கும் ரியாக்டர் கலனில் சாம்பிள் எடுப்பது, வடிகட்டும் ஃபில்டர் பிரஸ் எந்திரத்தின் தட்டுகளைப் பிரித்து ஒட்டியிருக்கும் கெட்டிப் படிவைச் சுரண்டுவது, இவைதான் என் வேலை. டிரம்மில் ஒரு எண் இருக்கும். எங்களுக்கு அது 'நாலாம் நம்பர்', அவ்வளவுதான். சில நாள் யாருக்காவது உதடு நீலம் பாரித்துத் தலை சுற்றும். வெளியே காற்றாட உட்கார வைப்பார்கள். மறுநாள் ஆள் வேலைக்கு வந்துவிடுவார். அதோடு போயிற்று என்று நினைத்தோம்.

ஓய்வுபெற்ற ஒன்பதாவது வருஷம் சிறுநீரில் ரத்தம் வந்தது. வலி இல்லாததால் இரண்டு மாதம் சும்மா இருந்துவிட்டேன், அப்படி இருந்திருக்கக் கூடாது. பரிசோதித்ததில் சிறுநீர்ப்பையில் புற்றுநோய். புகைப் பழக்கம் உண்டா என்று டாக்டர் கேட்டார். கிடையாது. என்னென்ன கெமிக்கலைக் கையாண்டீர்கள் என்பது அடுத்த கேள்வி. நாலாம் நம்பர் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

அப்புறம் எங்கள் ஆலை லேபில் இருந்த நண்பரைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். அது ஆர்த்தோ டொலுடின். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கும் பொருள். மூச்சு வழியாக மட்டுமல்ல, தோல் வழியாகவும் உடலுக்குள் போகும். எங்களுக்கு மாஸ்க் கொடுத்தார்கள், உண்மைதான். நனைந்த சட்டையோடு ஷிப்ட் முடியும்வரை நின்றோமே, அதை யாரும் கேட்கவில்லை. உள்ளே போனதை உடல் மாற்றிச் சிறுநீரில் தள்ளுகிறது. அந்தச் சிறுநீர் பையில் மணிக்கணக்கில் தேங்கி நிற்பதால் பாதிப்பும் அங்கே வருகிறது என்று டாக்டர் விளக்கினார்.

இது புதிய செய்தியும் இல்லை. சாய ஆலைத் தொழிலாளர்களுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வருவதை ஜெர்மனியில் லுட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர் 1895-லேயே எடுத்துச் சொல்லியிருக்கிறார். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1974-ல் கொண்டுவந்த தொழில்சார் புற்றுநோய் உடன்படிக்கை, வேலையில் இருக்கும்போது மட்டுமல்ல, வேலையை விட்ட பிறகும் மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்கிறது. எங்களுக்கோ கடைசி நாளன்று ஒரு சால்வை போட்டு அனுப்பினார்கள்.

நான் கேட்பது ஒரே ஒரு தாள். வேலையை விட்டுப் போகும் ஒவ்வொருவர் கையிலும் அதைக் கொடுக்க வேண்டும். எந்தெந்தப் பொருளை, எந்தப் பிரிவில், எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம்வரை கையாண்டார் என்று அதில் இருக்கட்டும். எண்ணோ சங்கேதப் பெயரோ போதாது, பொருளின் உண்மையான பெயர் வேண்டும். அது எந்த உறுப்பைத் தாக்கும், எந்தப் பரிசோதனையை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டும் என்பதும் வேண்டும். ஆலையில் வாங்கிய ஒவ்வொரு டிரம்முக்கும் கணக்கு இருக்கிறது. ஆளுக்கு ஒரு தாள் எழுதுவது முடியாத காரியமா என்ன?

முக்கியமாக, காண்ட்ராக்ட் ஆட்களுக்கும் அது கிடைக்க வேண்டும். ரியாக்டர் மேன்ஹோல் வழியே உள்ளே இறங்கிக் கழுவியது அவர்கள்தான். இங்கே மூன்று மாதம், வேறோர் ஆலையில் ஆறு மாதம் என்று போய்க்கொண்டே இருப்பார்கள். எங்கள் ரத்தப் பரிசோதனை நாளில்கூட அவர்களைக் கூப்பிட்டதில்லை.

எனக்கு நோய் ஆழமாகப் பரவுவதற்குள் கண்டுபிடித்ததால் கட்டியை அகற்றிவிட்டார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழாய் விட்டுப் பார்க்கிறார்கள். லேப் நண்பர் உதவியோடு அந்தத் தாளை நானே எழுதி, என் ஷிப்டில் இருந்த பதினொரு பேரிடம் கொடுத்துவிட்டேன். காண்ட்ராக்டில் வந்தவர்களைத்தான் கண்டுபிடிக்க முடியவில்லை. இதை அவர்களில் யாராவது படித்தால்: நாலாம் நம்பர் என்று நாம் சொன்னது ஆர்த்தோ டொலுடின். டாக்டரிடம் போய் அந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரியாக்டர் ஆபரேட்டர்
(பெயர் வெளியிட வேண்டாம்)