அந்த 4,000 ரூபாய்

அன்புள்ள செல்வி,

இங்கே எல்லோரும் நலம். அங்கும் அப்படியே இருக்க வேண்டும். தீபாவளிக்கு அப்புறம் ஒரு வரி கூட எழுதாதது என் தப்புதான், நேரில் பார்க்கும்போது திட்டிக்கொள். அத்தைக்கு முழங்கால் வலி குறையவில்லை. சின்னவள் மூன்றாம் வகுப்பு. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக் கணக்கு எழுத உட்கார்ந்தேன். ஹாஸ்டலில் மெஸ் கணக்கு எழுதினோமே, அதே மாதிரி நீள நோட்டு. (அந்த முட்டைக் காசு இன்னும் நீதான் தரவேண்டும்.) மளிகை, பால், ஸ்கூல் வேன், சிலிண்டர் எல்லாம் எழுதிவிட்டு, இவருடைய கிரெடிட் கார்டு பில்லையும் கேட்டு வாங்கினேன். பாக்கி 80,000 ரூபாய். பிரிட்ஜ் வாங்கியது, அப்பாவின் கண் ஆபரேஷன், அப்படியே சேர்ந்திருக்கிறது. குறைந்தபட்சம் இவ்வளவாவது கட்டு என்று பில்லில் போட்டிருக்கிற 'மினிமம் டியூ' 4,000 ரூபாயை மாதாமாதம் தவறாமல் கட்டியிருக்கிறார். கடன் கரைகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

போட்டுப் பார் செல்வி. மாத வட்டி 3.5 சதவீதம், அதாவது 2,800. வட்டிமேல் ஜிஎஸ்டி 18 சதவீதம், 504. கட்டுகிற 4,000-இல் 3,304 இப்படியே போய்விடுகிறது. அசலில் கழிவது வெறும் 696! பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்குகிற பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி. நாங்கள் மளிகையையும் அதில்தான் வாங்கிக்கொண்டிருந்தோம். வருடத்துக்கு 42 சதவீதம்! வட்டிக்கு விடுகிறவர்களை நம் ஊரில் எப்படியெல்லாம் ஏசுவோம்?

சண்டை போடத்தான் எழுந்தேன். "பயமாக இருந்தது, அதனால்தான் பில்லைத் திறந்தே பார்க்கவில்லை" என்றார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து பயம் என்ற வார்த்தையை நான் கேட்டதில்லை. அதற்குமேல் எனக்குப் பேச வரவில்லை.

மறுநாளே அம்மா போட்ட சங்கிலியை பேங்கில் வைத்து மொத்தப் பாக்கியையும் அடைத்துவிட்டேன். வைக்கும்போது அழுகை வந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் அங்கே வட்டி வருடத்துக்கே 9 சதவீதம்தான். முதல் மாத வட்டி 600 ரூபாய். அதே 4,000-ஐ அங்கே கட்டினால் 3,400 அசலில் கழியும். நடுவில் ஒரு தடவை அடகைப் புதுப்பித்து மாற்றி வைக்க வேண்டியிருக்கும், அப்படியும் 22 மாதத்தில் சங்கிலி கழுத்துக்கு வந்துவிடும். கார்டு இப்போது பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில். அப்புறம், சின்னவள் பெயரில் தபால் ஆபீஸில் செல்வமகள் கணக்கும் ஆரம்பித்துவிட்டேன். பத்து வயதுக்குள் ஆரம்பித்தாக வேண்டுமாம். வருடத்துக்கு 250 ரூபாய் போட்டாலே கணக்கு ஓடும், இப்போதைக்கு அவ்வளவுதான் முடியும்.

இதையெல்லாம் போனில் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம் நீதான். வளைகாப்பு வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது, "எங்களுக்கும் கார்டு இருக்கு, மினிமம் கட்டிடுவோம், பிரச்சினையே இல்லை" என்றாய். அன்றைக்கு நானும் தலையாட்டினேன். இந்த நோட்டைப் பார்த்ததிலிருந்து அந்த வார்த்தைதான் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அண்ணனிடம் பில்லை வாங்கி மொத்தப் பாக்கி எவ்வளவு என்று பார். கோபமாகக் கேட்காதே, பக்கத்தில் உட்கார்ந்து கேள். பார்த்ததும் எனக்கு போன் பண்ணு, ராத்திரி எத்தனை மணி ஆனாலும் சரி.

உன்
கலா